மூன்றாம் சல்லடைத் தூள்

கண்டி,
12 பெப்ரவரி 2024

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

ஆர்த்திகா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். விடுதிச் சாப்பாடு மட்டும் சுகமாக இல்லை. அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் முடிந்திருந்தால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

நீங்கள் சிக்னலுக்காகப் பாதையின் மேல் வளைவில் ஏறி நின்று போனில் பேசினால் பாதிப் பேச்சு காற்றில் போகிறது. மீதியைப் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கேட்கிறார்கள். அதனால்தான் பழையபடி கடிதம்.

ஓர் உதவி வேண்டும், மாமா. நீங்கள் காவல் காக்கும் பூட்டிய தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மேல்மாடிக் கூரையில், சின்ன வயதில் நான் பார்த்துப் பயந்த வௌவால்கள் இன்னும் இருக்கின்றனவா? என் ஆராய்ச்சிக்கு அவற்றையே எடுத்திருக்கிறேன். மற்றப் பூச்சி தின்னும் வௌவால்களுக்குப் பெரும்பாலும் வால் இறக்கைத் தோலுக்குள் அடங்கியிருக்கும். இவற்றுக்கு எலிவால் போலப் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இவை என்ன பூச்சி தின்கின்றன என்று புழுக்கையில் இருந்து கண்டுபிடிப்பதுதான் என் வேலை. மாதம் ஒரு பொதி புழுக்கை நன்றாகக் காயவைத்து அனுப்ப முடியுமா? ஈரமாக வந்தால் பூசணம் பிடித்துவிடும்.

கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடவே வேண்டாம். கடித்தால் நாய்க்கடி நோய் வரக்கூடும். மிக அரிதுதான், ஆனாலும் கையுறை போடுங்கள். இரண்டு சோடி இத்துடன் இருக்கிறது. குட்டிகள் பறக்கும்வரை தோட்டத்து நிர்வாகம் கூரை ஓட்டைகளை அடைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும், உள்ளே அடைபட்டால் எல்லாம் செத்துவிடும்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ஆர்த்திகா


வெள்ளைப்பாறைப் பிரிவு,
மடுல்சீமை,
17 மார்ச் 2024

என் மருமகள் ஆர்த்திகாவுக்கு,

மாமா சரவணமுத்து எழுதுவது. இருவரும் நலம். அத்தையின் முழங்காலும் வழக்கம்போல்தான், அதற்கு நலம் என்ற சொல்லை எழுதி ஏமாற்ற முடியாது.

உன் வௌவால்கள் இருக்கின்றன. மனிதர்கள்தான் போய்விட்டார்கள். பொழுது சாயும்போது கூரை இடுக்கில் இருந்து புகை கிளம்புவது போல வரிசையாகக் கிளம்பி, நேராக உயரப் போய்விடுகின்றன. அந்தத் தொழிற்சாலையில் இப்போது நேரம் தவறாமல் வேலைக்குப் போகிறவை அவை மட்டும்தான். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். வேறு காவல் அங்கே என்ன இருக்கிறது?

முதல் பொதி இத்துடன் வருகிறது. இதில் உன் அத்தை தலையிட்டுவிட்டாள். நான் கூட்டி அள்ளிய புழுக்கையில் மண்ணும் மரத்தூளும் கலந்திருப்பதைப் பார்த்துவிட்டு, படிக்கிற பிள்ளைக்கு இப்படியா அனுப்புவது என்று முகத்தைச் சுளித்தாள். தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் பகுதியில் ஆயுள் முழுக்க நின்றவள் அல்லவா. அவளிடம் ஒன்றைக் கொடுத்துத் தரம் பிரிக்காமல் இரு என்று சொல்ல முடியுமா? அடுப்புக்கு மேல் பரணில் போட்டு மொறுமொறுவென்று காயவைத்தாள். உள்ளங்கையால் நுணுக்கினாள். பழைய தேயிலைச் சல்லடை மூன்றை எடுத்துவந்து சலித்துவிட்டாள். முதல் சல்லடையில் பூச்சி இறக்கைகள், இரண்டாவதில் கால்களும் ஓடுகளும், மூன்றாவதில் மாவு மாதிரித் தூள். மூன்றையும் தனித்தனிப் பையில் கட்டியிருக்கிறாள். தூளில் ஒரு சிட்டிகையை விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்து, நல்ல நிறம் என்றாள். அவளுக்கு எல்லாமே தேயிலைதான்.

நீ சொன்னபடி இருவரும் கையுறை போட்டுக்கொண்டோம். கவலை வேண்டாம்.

உன் மாமா


கண்டி,
9 ஏப்ரல் 2024

அன்பு மாமா, அன்பு அத்தை,

இங்கே எல்லாரும் சுகம். பொதியைத் திறந்தவுடன் நான் சிரித்துவிட்டேன், பிறகு கொஞ்சம் அழுகையும் வந்தது. மற்றப் பிள்ளைகள் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஊசியால் ஒவ்வொரு துணுக்காகப் பிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் அத்தை பிரித்தே அனுப்பியிருக்கிறார். எங்கள் விரிவுரையாளர் முதல் பையைக் கையில் வைத்துக்கொண்டு, இது யார் செய்தது என்று கேட்டார். எங்கள் அத்தை ராமலட்சுமி என்று பெருமையாகச் சொன்னேன்.

மூன்றாம் சல்லடைத் தூளில்தான் அதிக விசயம் இருக்கிறதாம். விட்டில் பூச்சிகளின் செதில்கள் அதில்தான் வந்து சேர்கின்றன. அதனால் அத்தையிடம் அந்தத் தூளைக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கச் சொல்லுங்கள். இதுவரை பார்த்ததில் வண்டுகளும் விட்டில்களும் இலைச்சாறு குடிக்கும் தத்துப்பூச்சிகளும் உண்டு. உங்கள் மரக்கறித் தோட்டத்தைத் தின்பவற்றை அவை தின்கின்றன.

இந்தக் குடும்பத்து வௌவால்கள் நம் தீவில் மட்டும் இல்லை, மாமா. ஆபிரிக்கா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா என்று சூடு உள்ள இடமெல்லாம் இருக்கின்றன. குகை, பாறைப் பிளவு, கோயில், பாலத்தின் அடி, கைவிட்ட கட்டடம், எங்கே மனிதத் தொந்தரவு குறைவோ அங்கே ஆயிரக்கணக்கில் கூடிவிடும்.

வரும் புத்தாண்டுக்கு வர முடியாது. வேலை முடிந்ததும் வந்து அத்தை மடியில் ஒரு வாரம் தூங்குவேன்.

உங்கள் ஆர்த்திகா


மடுல்சீமை,
23 ஜூன் 2024

மருமகள் ஆர்த்திகாவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. மழை, பாதை சரிவு, தபால்காரருக்குக் காய்ச்சல், எல்லாம் சேர்ந்துகொண்டது.

குட்டிகள் பிறந்துவிட்டன. ரோமம் இல்லாமல், புதிதாய் உரித்த பலாக்கொட்டை நிறத்தில் கூரை முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று விழுந்து கிடந்தது. கையுறை போட்டு, துணியில் எடுத்துச் சுவரில் ஏற்றிவிட்டேன். நிர்வாகத்தில் இருந்து வந்தவர் ஓட்டைகளை அடைக்கலாமா என்று கேட்டார். ஆவணி கழியட்டும் ஐயா, உள்ளே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். கூலி கொடுத்து அடைக்கும் செலவு மிச்சம் என்று அவருக்கும் சந்தோசம்தான்.

கேட்டபடி மூன்றாம் தூள் கூடுதலாக வைத்திருக்கிறோம். மழை நாளில் வெளியே சலிக்க முடியாது. குசினிக்குள் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு அத்தை சலித்தாள். அவளுக்குக் கொஞ்சம் சளி. இருமல் விட்டுவிட்டு வருகிறது. இந்தக் குளிரில் யாருக்குத்தான் இருமல் இல்லை. கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறாள்.

மாமா


கண்டி,
28 ஜூலை 2024

அன்பு மாமா,

உங்கள் இருவரின் சுகத்தையும் கேட்டு எழுதுகிறேன். இந்த மாதப் பொதியில் கடிதம் இல்லையே. அதோடு, அதில் அத்தையின் கையும் இல்லை. முதல் பையில் மரத்தூள் கிடக்கிறது, இரண்டாவதில் முழுப் புழுக்கையே இருக்கிறது, மூன்றாவது பை இல்லவே இல்லை. நீங்கள்தானே சலித்தீர்கள்? மறைக்காதீர்கள், மாமா, உங்களுக்குத் தேநீர்கூட வடிக்கத் தெரியாது. அத்தை எங்கே? இருமல் போய்விட்டதா?

இன்னொன்று. இங்கே ஆய்வுகூடத்தில் நேற்று நான் பையை முகமூடி இல்லாமல் திறந்ததற்கு விரிவுரையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வௌவால் புழுக்கை குவிந்த இடத்தில் பூசணம் மாதிரி ஒருவகைப் பங்கசு வளருமாம். காய்ந்த தூளோடு அதன் வித்துகள் பறந்து நெஞ்சுக்குள் போனால் நோய் வரும். பலருக்கு வெறும் சளிக்காய்ச்சல் போல வந்து போய்விடும், சிலருக்கு நெஞ்சில் தங்கிவிடும். எக்ஸ்ரே படம் பிடித்தால் காசநோய் மாதிரியே தெரியுமாம். புழுக்கையைத் தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் அள்ள வேண்டும், தூசு தடுக்கும் முகமூடி போட வேண்டும். இதையெல்லாம் முதல் கடிதத்திலேயே உங்களுக்குச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். சொன்னேன் அல்லவா?

உடனே பதில் போடுங்கள்.

ஆர்த்திகா


பதுளை,
11 ஆகஸ்ட் 2024

தங்கச்சி குணமணிக்கு,

அண்ணன் எழுதுவது. பண்டாரவளையில் நீயும் பையனும் சுகமாக இருப்பீர்கள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அழுதால் நீ வேலை செய்யும் மரக்கறிக் கடை முழுக்கக் கேட்கும், பொழுது சாய்வதற்குள் உன் மகள் ஆர்த்திகாவுக்குச் செய்தி போய்விடும். அதனால் பஸ்காரத் தம்பி தினேஸ் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் மதினியைப் பதுளை ஆஸ்பத்திரி வார்டில் வைத்திருக்கிறார்கள். ஒன்றரை மாதமாகக் காய்ச்சலும் இருமலும். சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டாள். எங்கள் பக்கத்து டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுக் காசநோய்தான் என்று மாத்திரை தொடங்கினார். தோட்டத்து ஆள் இருமினால் வேறு என்ன நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். மாத்திரை சாப்பிடச் சாப்பிட அவள் படுக்கையோடு படுக்கை ஆனாள். சளியில் கிருமியும் அகப்படவில்லை.

அப்போதுதான் ஆர்த்திகாவின் கடிதம் வந்தது. வௌவால் தூளில் இருந்து நெஞ்சு நோய் வரும் என்று ஒரு பத்தி எழுதியிருந்தாள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பதுளைக்கு வந்து, இவள் இதைத்தான் மாதக்கணக்காகக் குசினிக்குள் சலித்தாள் என்று சொன்னேன். பெரிய டாக்டர் திரும்ப ஒரு தரம் சொல்லச் சொன்னார். சோதித்துப் பார்த்து, அந்த நோய்தான் என்று மருந்தை மாற்றிவிட்டார். இந்த மருந்து மாதக்கணக்கில் போகுமாம். பிழைத்துவிடுவாள், பழைய மூச்சு வராது என்கிறார்.

ஆர்த்திகாவுக்கு இது தெரியக் கூடாது. நான்கு வயதில் நீ கொண்டுவந்து விட்ட பிள்ளையை அவள்தான் தூக்கி வளர்த்தாள். தான் கேட்ட புழுக்கைதான் இப்படிச் செய்தது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை படிப்பைத் தூக்கி எறிந்துவிடும். எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது, குணமணி. நீ ஒரு ஞாயிறு வந்து இவளோடு இருந்தால் நான் கொஞ்சம் தூங்குவேன்.

அண்ணன்


மடுல்சீமை,
20 ஆகஸ்ட் 2024

மருமகள் ஆர்த்திகாவுக்கு,

இருவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது.

அத்தைக்கு இருமல் குறைந்து வருகிறது. தன் தங்கை வீட்டுப் பக்கம் கொஞ்சநாள் போயிருந்தாள், அதனால்தான் நான் சலித்தேன். உன் கண்ணுக்குத் தப்பவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: ஆம், முதல் கடிதத்திலேயே முகமூடி பற்றி எழுதியிருந்தாய். நாங்கள் இருவரும் துணி கட்டிக்கொண்டுதான் வேலை செய்தோம். அதைப் பற்றி நீ யோசித்து மண்டையைக் குடைந்துகொள்ளாதே.

குட்டிகள் பறக்கத் தொடங்கிவிட்டன. இனிப் புழுக்கை போதும் என்று நினைக்கிறேன். சல்லடையும் கிழிந்துவிட்டது.

மாமா


கண்டி,
6 ஒக்டோபர் 2024

அன்பு மாமா, அத்தை,

சுகம்தானே? எனக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. உங்கள் பதில் வரும்வரை, சொல்லாமல் விட்டுவிட்டேனோ என்று சோறு இறங்கவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

இருக்கிற பொதிகளே போதும், கட்டுரையின் முதல் பாதியை எழுதி முடித்துவிட்டேன். ஒரு நல்ல செய்தியும் உண்டு. எங்கள் குழுவில் ஜனகன் என்று ஒருவர் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு பழைய களஞ்சியத்தில் இதே இன வௌவாலைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு ஸித்தி ஸுபைதா என்ற அம்மா அவருக்கு உதவுகிறாராம். அத்தையின் முறையை, காயவைப்பது, நுணுக்குவது, மூன்று சல்லடை எல்லாவற்றையும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் இருவரும் துணி கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சலித்தும் ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னேன். தீபாவளி கழிந்து அவர்கள் தொடங்குவார்கள். அத்தையின் பெயரை என் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லிப் போடுகிறேன்.

ஒரு சின்னக் குறை. அத்தை ஒவ்வொரு கடிதத்தின் ஓரத்திலும் தன் கையால் "சாப்பிடு" என்று ஒரு சொல் எழுதுவார். கடைசியாக வந்த கடிதத்தில் அதைக் காணவில்லை. கோபமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஆர்த்திகா


மடுல்சீமை,
19 ஒக்டோபர் 2024

ஆர்த்திகாவுக்கு,

இதை எழுதுவது மாமாவின் கை, பேசுவது உன் அத்தை. உன் கடிதத்தை நான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஹல்துமுல்லை என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். மேல் வளைவுக்குப் போய், அங்கே சலிக்க வேண்டாம், காரணம் கடிதத்தில் வரும் என்று உனக்குப் போனில் சொல்லிவிட்டு வா என்று துரத்தினாள். அதைத்தான் நேற்றுச் சொன்னேன். இனி அவள் சொல்வது. ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு.

ஆர்த்தி, நான் உசுரோட இருக்கேன், மொதல்ல அத தெரிஞ்சிக்க. பதுளையில ஒரு மாசத்துக்கு மேல கெடந்துட்டு வந்திருக்கேன். நீ சொன்னியே அந்த வவ்வாத் தூளு நோவு, அதுதான் எனக்கு. மாத்திர இன்னும் போய்க்கிட்டு இருக்கு. பீலிக்குப் போயி ஒரு கொடம் தண்ணி தூக்கிக்கிட்டு வர முடியல. நடுவுல ரெண்டு தடவ ஒக்காந்து எந்திரிக்கிறேன். கையும் நடுங்குது. அதான் ஓரத்துல ஒண்ணும் எழுதல.

மாமா ஒனக்குப் பொய் எழுதிட்டாரு. நீ மொத கடுதாசியில மூக்கக் கட்டச் சொல்லல. கையொற எழுதுன, நாய்க்கடி எழுதுன, இத எழுதல. நாங்க துணியும் கட்டல. கையில ஒறையப் போட்டுக்கிட்டு, கதவச் சாத்திக்கிட்டு, மூஞ்சிக்கு நேரா சலிச்சேன். நொறுக்கிச் சலிக்கச் சொன்னதும் நீ இல்ல, அது என் புத்தி. ஃபெக்டரியில தூசு குடிச்சே பழகுன ஒடம்பு, இது என்ன செய்யும்னு நெனச்சேன்.

எனக்கு ஒன் மேல கோவம் இருந்திச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். வார்டுல மூச்சு வாங்குறப்ப, இந்தப் புள்ள ஒரு வரி எழுதியிருந்தா என்னன்னு நெனச்சி அழுதிருக்கேன். அப்புறம் டாக்டர் சொன்னாரு, அந்தக் காயிதம் வராட்டி எனக்கு என்னான்னே தெரிஞ்சிருக்காதுன்னு. மறந்ததும் நீதான், காப்பாத்துனதும் நீதான். நான் எங்கிட்டுப் போயிக் கோவப்படுறது?

படிப்ப உட்டுட்டு ஓடியாந்துறாத. வந்தா கதவத் தொறக்க மாட்டேன். அந்த ஹல்துமுல்ல அம்மாவ நீயே நேர்ல போயிப் பாரு. அவங்க என்ன மாதிரி நல்லா செய்யணும்னு நெனைக்கிற மனுசியா இருந்தா, போன்ல சொன்னா கேக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. பொஸ்தகத்துக்குக் கடைசிப் பக்கத்துல எனக்கு நன்றி போடாத. அங்க யாரும் படிக்கப் போறதில்ல. உள்ளுக்கு, எப்புடிச் செஞ்சீங்கன்னு எழுதுவியே, அங்க போடு. ராமலட்சுமின்னு பேரப் போட்டு, இப்புடிக் காய வச்சிச் சலிச்சா, அவ நெஞ்சுக்கு இப்புடி ஆச்சு, யாரும் இப்புடிச் செய்யாதீங்கன்னு எழுது. வெக்கப்படாம எழுது. நான் மூணு தரமாப் பிரிச்சதுக்கு அதுதான் கூலி.

அவள் சொன்னது அவ்வளவுதான். பொய் எழுதியதற்கு என்னையும் திட்டினாள், அதை இங்கே எழுத மாட்டேன்.

சல்லடை மூன்றையும் சுடுதண்ணீரில் முக்கி வெயிலில் வைத்தேன். இனி மாவு சலிக்கக்கூட ஆகாது என்று சொல்லி அடுப்பில் போடச் சொல்லிவிட்டாள். சட்டங்கள் நல்ல மரம், நின்று எரிந்தன.

இந்தத் தாளின் ஓரத்தில் கோணலாக ஏதோ கிறுக்கியிருப்பது தெரியும். கையெழுத்து விளங்காவிட்டால் சொல்கிறேன். சாப்பிடு என்று எழுதியிருக்கிறாள்.

மாமா